தோலோடு வெந்த பூசணிக்காய்

அன்று என் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளையின் அப்பா. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்ததும் காற்றாடிக்கு நேராகப் பார்த்து உட்கார்ந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா. அதிகம் பேசவில்லை. கைப்பையை மடியை விட்டு இறக்கவில்லை.

மாப்பிள்ளையின் அத்தை. அப்பாவுக்கு அக்கா. அந்த வீட்டில் பேச்சு அவருடையதுதான்.

மாப்பிள்ளை. வெள்ளைச் சட்டை. கைபேசியைக் கவிழ்த்து வைத்திருந்தான்.

சுசீலா. இந்தச் சம்பந்தத்தைப் பேசிக் கொண்டுவந்தவள். தெலுக் பங்லிமா காராங் கையுறைத் தொழிற்சாலையில் என்னோடு ஒரே ஷிப்டில் நின்றவள். இப்போது பிரிக்பீல்ட்ஸில் மாப்பிள்ளை வீட்டு அடுக்குமாடியிலேயே குடியிருக்கிறாள்.

எங்கள் பக்கம் என் வீட்டுக்காரர், என் தம்பி, என் மகள் விமலா, நான்.

மாப்பிள்ளை வீட்டார் பெயரை எழுதவில்லை. விமலா வேண்டாம் என்றாள். ஆனால் யார் யார் இருந்தார்கள் என்பதை மட்டும் விட மாட்டேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

போன வாரம் இந்தத் தொடரில் தொழிற்சாலைக் காலத்தை எழுதினேன். இந்த வாரமும் அதையே எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. இது தொண்டையில் நிற்கிறது. இதை இறக்கினால்தான் மற்றது வரும்.

சாப்பிட வருகிறார்கள்

முதல் தடவை பெண் பார்க்க வந்தபோது டீ, உளுந்து வடை. அதோடு எழுந்து போனார்கள். அதுதான் முறை. பேச்சு முடியும்வரை பெண் வீட்டில் சோறு சாப்பிட மாட்டார்கள். சோற்றில் கை வைத்தால் சம்பந்தம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். அதைத்தான் கை நனைப்பது என்கிறோம். பத்திரிகை அடிப்பது, மண்டபம் பிடிப்பது எல்லாம் அதற்குப் பிறகு.

கை நனைத்த வீட்டை வேண்டாம் என்று சொல்வது கேவலம். எங்கள் ஆட்களில் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நாள் கழித்து சுசீலா போன் செய்தாள்.

“அக்கா, வர்ற ஞாயித்துக்கிழம அவங்க வராங்க. சாப்பிட வராங்களாம்.”

“டீயா, சோறா?”

“சோறு லா அக்கா. அந்த அத்தையே சொல்லிட்டாங்க. கை நனைச்சிட்டு தேதி பேசிக்கலாம்னு.”

அன்றே என் ஆட்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். பந்திங்கில் இருக்கும் நாத்தனாருக்குத்தான் முதல் போன். யாரையும் விடவில்லை. விமலா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மா, பேப்பர்ல போட்டுடுங்களேன்,” என்றாள். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

அவளும் அந்தப் பையனும் அதற்குள் பேசிப் பழகியிருந்தார்கள். ஸ்ரீ கெம்பாங்கானில் அவள் வேலை செய்யும் அச்சகத்து வாசலில் அவன் கார் வந்து நிற்கும். எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

கூட்டு

அன்று சாம்பார், ரசம், முட்டைக்கோஸ் பொரியல், அப்பளம், பாயசம். இதெல்லாம் யார் சமைத்தாலும் ஒன்றுதான். பூசணிக்காய்க் கூட்டு மட்டும் என் கை. வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் அது இல்லாமல் இலை போட மாட்டேன்.

மஞ்சள் பூசணி. பாசாரில் தட்டிப் பார்த்து, கனமாக இருப்பதாக எடுப்பேன். தோல் சீவ மாட்டேன். சீவினால் காய் கரைந்து களியாகும். தோல் இருந்தால் துண்டு துண்டாக நிற்கும். உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்கும்.

கடலைப்பருப்பை ஊறவைத்து முக்கால் பதம் வேகவிட வேண்டும். அதில் காய், மஞ்சள்தூள், தட்டிய பூண்டு. பூண்டையும் தோலோடுதான் தட்டுவேன். பிறகு அடுப்பை ஆகக் குறைத்து, சட்டியை ஒரு தட்டால் மூடி, தட்டில் தண்ணீர் ஊற்றி வைப்பேன். மேலே தண்ணீர் இருந்தால் உள்ளே ஆவி வேர்த்துக் காயிலேயே திரும்ப விழும். அடிபிடிக்காது. வற்றினால் தட்டில் சூடேறிக் கிடக்கும் தண்ணீரையே ஊற்றலாம். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ருசி செத்துவிடும்.

கரண்டி போடக் கூடாது. துணியால் சட்டியைப் பிடித்துக் குலுக்க வேண்டும். தேங்காயும் சீரகமும் காய்ந்த மிளகாயும் அரைத்து ஊற்றுவது கடைசியில்தான். பிறகும் கொஞ்ச நேரம் அதே தீயில் கிடக்க வேண்டும். இறக்கியதும் சின்ன வெங்காயம், கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் வாசம் அடுத்த தெரு வரை போகும்.

அவசரக்காரர்களுக்கு இந்தக் கூட்டு வராது. விமலா ஒரு தடவை குக்கரில் வைத்தாள். சூப் வந்தது.

அன்று என் வீட்டுக்காரர் மூன்றாம் முறையாக உள்ளே எட்டிப் பார்த்தார். லோரி ஓட்டியவர். காத்திருக்கத் தெரியாது.

“இன்னும் ஆகலயா? காலையிலேர்ந்து ஒரே சட்டிய பாத்துக்கிட்டு நிக்கிற.”

“இது என்ன உங்க லோரியா, மிதிச்சா ஓடுறதுக்கு?”

தொழிற்சாலையிலும் இந்தக் கூட்டுக்குப் பேர் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் எல்லா டப்பாவையும் ஒரே மேசையில் திறந்து வைப்போம். மலாய்ப் பெண்கள், நேப்பாளத்துப் பெண்கள், நாங்கள். என் டப்பாதான் முதலில் காலியாகும். காலி செய்பவள் சுசீலா. எத்தனையோ வருடம் என் கூட்டில் சோறு பிசைந்தவள் அவள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த லயம்?

வாழை இலை போட்டோம். வந்த ஐவரும் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் துணையாக என் வீட்டுக்காரரும் தம்பியும். நானும் விமலாவும் பரிமாறினோம்.

மாப்பிள்ளையின் அம்மா கூட்டை மட்டும் முதலில் தொட்டு வாயில் வைத்தார். கண்ணை மூடித் திறந்தார். அப்புறம் சோற்றில் அதையே போட்டுப் பிசைந்தார். சாம்பாரைத் தொடவில்லை.

அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“கூட்டு யாரு வெச்சது?”

“நான்தாங்கா.”

“நல்லா இருக்கே. இன்னும் கொஞ்சம் போடும்மா.”

போட்டேன். மாப்பிள்ளையின் அம்மாவும் இலையை லேசாக என் பக்கம் தள்ளினார். அவருக்கும் போட்டேன். அத்தை பூண்டுத் தோலை நாக்கால் பிரித்து எடுத்து இலை ஓரத்தில் ஒவ்வொன்றாக வைத்தார்.

“காயையும் தோலோட போட்டிருக்கீங்க. பூண்டையும் தோலோட. இது தோட்டத்துக் கையாச்சே.”

“ஆமாங்கா. தோட்டத்துலதான் பொறந்தேன்.”

“எங்க?”

“பந்திங் பக்கம்.”

“பந்திங் பக்கம் நெறைய தோட்டம் இருந்துச்சே.”

தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது.

“அங்க எந்த லயம்? கோயில் பக்கமா, ஆத்துப் பக்கமா?”

இப்போதெல்லாம் யாரும் சாதியை நேராகக் கேட்பதில்லை. படித்தவர்கள். கேட்டால் அசிங்கம். லயத்தைக் கேட்பார்கள். லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள். கோயிலை ஒட்டிய லயத்தில் கங்காணியும் அவருடைய ஆட்களும். கடைசி லயம், ஆற்றுப் பக்கம், சாக்கடைக்கு அந்தப் புறம், எங்களுக்கு. எண்ணெய்ப்பனை வெட்டி, லயத்தை இடித்து, அங்கே இப்போது தாமான் குடியிருப்பு வந்துவிட்டது. கோயில் பக்கம், ஆற்றுப் பக்கம் மட்டும் சில தலைகளில் இடியாமல் நிற்கிறது.

தம்பி என்னைப் பார்த்தான். வேறு ஏதாவது சொல்லிவிடு என்பது போல. நான் ஏன் சொல்ல வேண்டும்?

“ஆத்துப் பக்கங்கா. கடைசி லயம்.”

அத்தையின் கை இலையில் அப்படியே நின்றது. ஒரு துண்டுக் காய் விரலுக்கு நடுவில் இருந்தது. அதை வாயில் வைக்கவில்லை. இலையில் விட்டார்.

“எனக்கு சக்கரை இருக்கு. பாயசம் வேணாம்,” என்றார். யாரும் பாயசம் போடவே இல்லை.

எழுந்து கை கழுவினார். இலையை மடிக்கவில்லை. மற்றவர்கள் முழுக்கச் சாப்பிட்டு, இலையைத் தங்கள் பக்கம் மடித்து எழுந்தார்கள். மாப்பிள்ளை பாயசம் இரண்டு தடவை கேட்டான்.

வாசலில் செருப்பு மாட்டும்போது என் வீட்டுக்காரர் தேதியைப் பற்றிக் கேட்டார்.

“சொல்லி அனுப்புறோம் அண்ணே,” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அக்காவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஆரஞ்சு பாட்டில்

என் கல்யாணம் தோட்டத்தில்தான் நடந்தது. கோயில் பக்கத்து லயத்து ஆட்களையும் அப்பா கூப்பிட்டிருந்தார். வந்தார்கள். மொய் வைத்தார்கள். பந்தியில் உட்காரவில்லை. தனியாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களுக்கென்று அப்பா ஆரஞ்சு பாட்டில் வாங்கி வைத்திருந்தார். மூடி திறக்காத பாட்டில். நாங்கள் தொட்டு ஊற்றியது ஒன்றும் அவர்கள் வாயில் போகக் கூடாது. அதற்காக.

அப்பா மூடி திறக்கும் இரும்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனார். அவர்கள் அதை வாங்கித் தாங்களே திறந்துகொண்டார்கள். அப்பா சிரித்த முகமாக நின்றார்.

நான் மணவறையில் இருந்து பார்த்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

என் பிள்ளை காலத்தில் அது இருக்காது என்று நினைத்தேன். அவள் படித்தாள். அவன் படித்தான். இரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே கப்பில் மாற்றி மாற்றிக் குடித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

டீ மட்டும்தான்

அடுத்த வாரம் சுசீலா போன் செய்தாள். குரல் இறங்கியிருந்தது.

“ஜாதகம் சரியா வரலயாம் அக்கா.”

“ஜாதகம் மொதல்லயே பாத்தாச்சே.”

“வேற எடத்துல பாத்தாங்களாம்.”

“கை நனைச்சிட்டுப் போயா ஜாதகம் பாப்பாங்க?”

அவள் வீட்டுக் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது.

“சுசீலா.”

“அக்கா, நீங்க கோவப்படக் கூடாது. அவங்க கை நனைக்கவே இல்லன்னு சொல்றாங்க. டீ மட்டும்தான் குடிச்சாங்களாம்.”

“நீ எங்க இருந்த அப்ப?”

“நானும்தான் சாப்பிட்டேன்.”

“அப்ப அத சொல்லு அவங்ககிட்ட.”

“நான் அவங்க ப்ளாட்லதான் இருக்கேன் அக்கா. தினம் லிப்ட்ல மூஞ்சிய பாக்கணும் லா.”

என் டப்பாவில் எத்தனை வருடம் தின்றாய் என்று கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.

அதோடு முடியவில்லை. அந்த அத்தை ஊரெல்லாம் அதையே சொல்லியிருக்கிறார். ரெண்டு நாளில் பந்திங் வரை வந்துவிட்டது. நாத்தனார் கூப்பிட்டாள்.

“என்ன அண்ணி, சாப்பிட்டாங்கன்னு சொன்னீங்க. அவங்க டீதான் குடிச்சோம்ங்கிறாங்க. ஒருவேள நீங்க ஆசையில சொல்லிட்டீங்களோ?”

ஆசையில்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எனக்கு ரொம்பப் பேசத் தெரியாது. பேசுகிற கொஞ்சமும் பொய் இல்லாமல் பேசுகிறேன். எனக்கு இருக்கிற சொத்து அதுதான். அதையும் ஒரு டீயில் கரைத்துவிட்டார்கள்.

அந்தப் பையன் விமலாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான். பெரியவங்க முடிவு, சாரி. அவள் எனக்குக் காட்டினாள். அவன் நம்பரை என் முன்னாலேயே அழித்தாள். பிறகு குளிக்கப் போனாள். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடியது. நான் கதவைத் தட்டவில்லை.

அந்த மாப்பிள்ளை எனக்கு வேண்டாம். அதை அந்தக் குழாய்ச் சத்தத்திலேயே முடிவு செய்துவிட்டேன். எனக்கு வேண்டியது ஒரு வார்த்தை. சாப்பிட்டோம் என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

கொமுட்டரில் ஒரு சட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே கூட்டை வைத்தேன். அதே தீ. அதே தட்டுத் தண்ணீர். கோபத்தில் சமைத்தால் உப்புக் கூடும் என்பார்கள். கூடவில்லை. சட்டியை மூடித் துணியால் கட்டினேன்.

விமலா பார்த்தாள்.

“மா, கூட்ட கொண்டு போறீங்களா, சண்டைய கொண்டு போறீங்களா?”

“ரெண்டும் ஒரே சட்டிதான்.”

“நானும் வரேன்.”

“வேணாம். நீ வந்தா உன்ன கேட்டு வந்த மாதிரி ஆயிடும்.”

கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினேன். சட்டி மடியில் சூடாக இருந்தது. பக்கத்தில் ஒரு மலாய்க்கார அம்மா. வாசம் பிடித்து என் மடியைப் பார்த்தார்.

“லாபு?” என்று கேட்டார். பூசணிக்காயா என்று.

“லாபு,” என்றேன்.

நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். எந்த லயம் என்று கேட்கவில்லை.

சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கிப் பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தேன். வெயில். பூக்கடைகள் முன்னால் தரையெல்லாம் ஈரம். அவர்கள் ப்ளாட்டில் லிப்ட் வேலை செய்தது. கதவைத் திறந்தது மாப்பிள்ளையின் அம்மா. என்னைப் பார்த்து, சட்டியைப் பார்த்து, அப்படியே நின்றார்.

உள்ளே அத்தை சோபாவில். மாப்பிள்ளையின் அப்பா டிவி முன்னால். மாப்பிள்ளை அறையிலிருந்து எட்டிப் பார்த்துத் திரும்பப் போனான்.

“வாங்க வாங்க,” என்றார் அத்தை. பிறகு உள்ளே பார்த்து, “அந்தப் பொட்டித் தண்ணி ஒண்ணு எடுத்துக் குடு.”

மாப்பிள்ளையின் அம்மா ஒரு பெட்டிப் பானம் கொண்டுவந்து வைத்தார். செவ்வந்திப் பூத் தண்ணீர். உறிஞ்சு குழலும் ஒட்டியிருந்தது. எல்லா வீட்டிலும் கொடுப்பதுதான். நானும் கொடுப்பேன். ஆனால் அங்கே அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. அத்தை கையிலும் மாப்பிள்ளையின் அப்பா கையிலும் கண்ணாடி கிளாஸ் இருந்தது.

எனக்கு அப்பாவின் கையில் இருந்த இரும்பு ஞாபகம் வந்தது.

பெட்டியைத் தள்ளி வைத்தேன். சட்டியை மேசை நடுவில் வைத்துத் துணியை அவிழ்த்து மூடியைத் திறந்தேன். வாசம் எழுந்தது.

“இது என்னது?” என்றார் அத்தை.

“அன்னிக்கு எங்க வீட்ல டீ குடிச்சீங்கள்ல. அந்த டீ.”

டிவியில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

“ஏம்மா, வீடு தேடி வந்து சண்ட போடுறியா?”

“சண்ட இல்லங்கா. சாப்பிட்டோம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போயிடறேன்.”

“நாங்க எங்க சாப்பிட்டோம்?”

“ரெண்டாவது தடவ நீங்கதான் கேட்டு வாங்குனீங்க. பூண்டுத் தோல இலை ஓரத்துல வரிசையா வெச்சீங்க.”

“ஏய், இந்தம்மா என்ன பேசுது பாரு,” என்று தன் தம்பியைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மாப்பிள்ளை வெளியே வந்தான்.

“ஆன்டி, ப்ளீஸ் லா. பக்கத்து வீட்ல கேக்கும்.”

“கேக்கட்டும் தம்பி. அதுக்குத்தான் வந்தேன். நீ சொல்லு. நீ சாப்பிட்டியா இல்லியா?”

அவன் அத்தையைப் பார்த்தான்.

“எனக்கு ஞாபகம் இல்ல ஆன்டி.”

என் மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரிந்தவன். பாயசத்தைக் கேட்டு வாங்கியவன். ஞாபகம் இல்லை.

சட்டியைத் தூக்கி அந்தச் சோபாவில் கொட்டியிருப்பேன். கொட்டவில்லை. அவ்வளவு நேரம் பக்குவமாக வெந்த காய். அவர்கள் சோபாவுக்கு அது அதிகம். மூடினேன். துணியைக் கட்டினேன்.

“வெச்சுட்டுப் போக மாட்டீங்களா?” என்று மெதுவாகக் கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

“இல்லம்மா. இது சாப்பிட்டவங்களுக்கு.”

லிப்ட் வாசல்

லிப்டுக்கு நின்றேன். பின்னால் வெறுங்காலோடு ஓடி வரும் சத்தம். மாப்பிள்ளையின் அம்மாதான்.

“அக்கா, நான் சாப்பிட்டேன். ரெண்டு தடவ. தோலையும் சேத்துத்தான் தின்னேன்.” காதருகில் சொன்னார். “அதே மாதிரி வீட்ல ஒரு நாள் வெச்சேன். எல்லாம் கரைஞ்சு போச்சு. எப்படித்தான் வெக்கிறீங்க?”

“உள்ள வந்து சொல்லுங்க.”

“எப்படி வெக்கிறதுன்னா?”

“சாப்பிட்டேன்னு.”

அவர் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டார்.

“முடியாதுங்கா. நான் அங்கதான இருக்கணும்.”

அந்த அத்தையின் மேல் வந்த கோபத்தைவிட இவர் மேல் வந்த கோபம் பெரியது. ருசி தெரிந்த நாக்கு. அந்த நாக்கு உள்ளே அசையவில்லை. லிப்ட் வந்தது. ஏறினேன். தட்டில் தண்ணீர் ஊற்றுவதை நான் சொல்லவில்லை. மேலே எழுதியிருக்கிறேன். வேண்டுமென்றால் படித்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்கு வந்து கூட்டைச் சுட வைத்து, சோறு போட்டு உட்கார்ந்தோம். தம்பியையும் கூப்பிட்டேன். யாரும் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. என் முகத்திலேயே தெரிந்திருக்கும். விமலா இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள்.

“இன்னிக்கு ரொம்ப நல்லா இருக்கு மா.”

“பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் போயிட்டு வந்துச்சுல்ல.”

அவள் சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

இன்னமும் அவர்கள் டீ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். லிப்ட் வாசலில் சொன்னது பேச்சாகாது. லிப்ட் கதவு மூடினால் அதுவும் அதோடு மூடிக்கொள்ளும்.

அன்று இலைகளை எடுத்தவள் நான். அடுக்கி, கறுப்புப் பையில் கட்டி, வாசலுக்குக் கொண்டுபோனவளும் நான்தான். என் வீட்டுக்காரர் இலையையும் தம்பி இலையையும் தள்ளிவிடுகிறேன். மடிக்காத இலையைச் சேர்க்கிறேன். அதிலும் சோறு பிசைந்த கை அடையாளம் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்து என் வீட்டில் கை நனைத்தவர்கள்:

ஐந்து பேர்.